பியும் சியும் என் பிள்ளையும்

எனக்கு வந்த வருத்தத்தை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவரின் அக்கா, ராசம் மச்சாள். எங்கள் பக்கத்தில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பெயர். அவர் கண்டுபிடித்தது முழுப் பிழை. ஆனாலும் அந்தப் பிழையை நம்பி எங்கள் வீடு சில வாரங்கள் கொண்டாட்டமாக இருந்தது.

காலையில் எழுந்ததும் சத்தி, அதாவது வாந்தி, வரும். சோறு கொதிக்கும் மணம் ஆகாது. மாதவிலக்கும் நின்றுபோயிருந்தது. மகள் வதனி அப்போது நாலாம் வகுப்பு. அவளுக்குப் பிறகு எனக்குப் பிள்ளை இல்லை. கிணற்றடியில் நான் குனிந்து நிற்பதைப் பார்த்த மச்சாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"என்னகா, சொல்லாம மறைச்சா வைச்சிரிக்காய்? எத்தினை மாசம்?"

அன்றைக்கே புளி மாங்காய் வந்தது. கால் வீங்கியது. பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கும் என்றார்கள். உடம்பெல்லாம் அரித்துக் கடித்தது. வயிற்றில் பெண்பிள்ளை என்றால் அப்படித்தான் என்றார்கள். முகம் வெளிறியது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சிறுநீரகம் பழுதானவளுக்கும் வயிற்றில் பிள்ளை உள்ளவளுக்கும் இத்தனை ஒற்றுமை இருக்கும் என்று யார் கண்டது? என் கணவர் வட்டைக்கு, அதாவது எங்கள் வயலுக்குப் போகும்போது விசில் அடிக்கத் தொடங்கினார். கல்யாணம் முடித்த காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த விசிலை மறுபடி கேட்டேன்.

எங்கள் ஊர் பழுகாமம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில். போர் நடந்த அந்த வருடங்களில் இக்கரை ஒருவர் கையில் இருந்தது, அக்கரை இன்னொருவர் கையில் இருந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இடையில் சோதனைச் சாவடி. சண்டை மூண்டால் பாதை பூட்டு. ஆகவே கிளினிக்குக்குப் போவதைப் பின்போட்டுப் பின்போட்டு, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் போனோம்.

டொக்டர் வயிற்றில் ஸ்கான் கருவியை வைத்துத் தேடினார். ஒன்றுமில்லை. பிறகு கருவியை மெல்ல விலாப்பக்கம் நகர்த்தினார். அங்கே நீண்ட நேரம் நின்றார். ஒரு பள்ளிக்கூட ரீச்சராக எனக்கு ஒன்று தெரியும். விடைத்தாளில் ஓரிடத்தில் பேனை அப்படி நின்றால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது.

"அம்மா, உங்கட ரெண்டு கிட்னியும் நல்லாச் சுருங்கிப் போயிரிக்கு" என்றார்.

வெளியே வந்தேன். என் கணவர் வாங்கிலிருந்து எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "என்னவாம்? எத்தினையாம் மாசமாம்?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு இன்றும் நினைவில்லை. அவருடைய சிரிப்பு மட்டும் நினைவிருக்கிறது. அது போவதைப் பார்க்க எனக்கு மனமில்லாமல் தரையைப் பார்த்தேன்.

ரத்தம் சோதித்தார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் அளவு) மிகக் கூடிப்போயிருந்தது. ரத்தச் சுத்திகரிப்பு (உடம்பின் ரத்தத்தை வெளியே எடுத்து, மெசினில் கழுவி, மறுபடி உள்ளே விடுவது) உடனே தொடங்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் எல்லோருக்கும் செய்யும் ஒரு சோதனை செய்தார்கள். அதில்தான் மற்ற இரண்டு பேரும் பிடிபட்டார்கள்.

ஒன்று ஹெப்பரைற்றிஸ் பி, மற்றது ஹெப்பரைற்றிஸ் சி. (இரண்டும் ஈரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகள். ரத்தத்தில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் இருக்கும்.) சிறுநீரகம் கெட்டதற்கே இவர்கள் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டொக்டர். எப்படி வந்தார்கள் என்று என்னைக் குடைந்து குடைந்து கேட்டார். வதனி பிறந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்திருந்தோம். பிள்ளை பிறந்த கையோடு எனக்கு ரத்தம் நிற்காமல் போனது. யாரோ படுத்து, யாரோ எடுத்து, எனக்கு ஏற்றினார்கள். அந்த நெருக்கடியில் சோதித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? சி அந்த ரத்தத்தோடு வந்திருக்கலாம் என்றார். பி அதற்கு முன்பே என்னில் இருந்திருக்க வேண்டும் என்றார்.

ரத்தம் தந்தவரை நான் ஒருநாளும் நோகவில்லை. அவர் தந்த ரத்தம் இல்லாவிட்டால் இந்த உடம்பே இல்லை. அதில் ஒட்டிக்கொண்டு வந்தவருக்கும் நான் இடம் கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, போகாமல் இருக்கும் விருந்தாளிகளை நாங்கள் காணாததா?

இனி ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அந்தச் சொல்லுக்காகத்தான்.

முதல் நாள் மெசினில் என்னைப் போட்ட மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) என் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவங்கட ரத்தத்தில கிருமி இரிக்கு. இவங்களுக்கு எல்லாம் தனி. விளங்கிச்சா? எல்லாம் தனி."

அவர் சொன்னது மெசினை. ஊசியை, குழாயை, கட்டிலை. ஒரே மெசினில் ரத்தம் கழுவினால் எனக்குள் இருப்பது அடுத்தவருக்குப் போய்விடக் கூடாது அல்லவா? ஆனால் என் கணவர் வயலும் வரம்புமாக வாழ்ந்த மனிதர். 'எல்லாம் தனி' என்பதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். சந்தையில் இறங்கி எனக்கென்று ஒரு பீங்கான் தட்டும் ஒரு கிளாசும் வாங்கினார். கடையில் இருந்ததிலேயே அழகானவை, ஓரத்தில் நீலப் பூப்போட்டவை. தனித் துவாய், தனிப் பாய், கிணற்றுக்குத் தனி வாளி. எதையும் குறைவாக வாங்கவில்லை.

நானும் அதை ஏற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பிப்பவள் நான். அதில் கிருமி என்றால் கை கழுவு, தள்ளி நில் என்றுதான் இருந்தது. ராசம் மச்சாள் வந்தால் வாசலோடு நிற்பார். தேத்தண்ணி கொடுத்தால், "இப்பதான் குடிச்சித்து வந்தனான் மனே" என்பார். அவர் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

வதனி பிறந்த நாளிலிருந்து என் பக்கத்தில் படுத்தவள். அவளுடைய பாய் முன் அறைக்குப் போனது. தலை பின்னுவது தகப்பன் வேலையானது. நெற்கதிர் கட்டுகிற கை அது. அவள் பள்ளிக்கூடம் போகும்போது பின்னல் இரண்டும் வைக்கோல் கட்டுப் போல விறைத்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் கதவு நிலையில் நின்று கேட்டாள்.

"அம்மா, இந்தத் தனி எப்ப முடியும்?"

"வருத்தம் சுகமானா முடியும் மனே."

சுகமாகாத வருத்தம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும் போல. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேட்டார், "பிள்ளைக்கு ரத்தம் பாத்தாச்சா?"

எனக்கு விளங்கவில்லை. பி கிருமி தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிறக்கும்போதே போகக்கூடும் என்று அவர் விளக்கினார். எனக்கு எது வந்தாலும் ஒரு மாதிரிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். சத்தியை, கடியை, தாகத்தை, ஊசியை. ஆனால் என் பிள்ளைக்கு நான் அதைக் கொடுத்திருப்பேனோ என்ற ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நாளிலிருந்து என் நோய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் ஓடும்போது பார்ப்பேன், களைக்கிறாளா? சாப்பிடும்போது பார்ப்பேன், கண் மஞ்சளா? நகத்தைப் பார்ப்பேன். தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

பாதை திறந்திருந்த நாட்களில் அவளைக் கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை. துணிவு வந்த நாட்களில் பாதை பூட்டு. இப்படியே போனது.

அந்த இழுபறியை முடித்து வைத்தது ஓர் இளநீர்.

மெசினில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளவு உண்டு. உடம்பு சிறுநீரை வெளியேற்றாததால் குடித்ததெல்லாம் உள்ளேயே தேங்கி, நெஞ்சுக்கு ஏறும். ஆகவே நாளெல்லாம் தாகம். கிணற்றைப் பார்த்தாலே நா வறளும். ஒரு பின்னேரம் ராசம் மச்சாள் கத்தியும் கையுமாக, ஒரு குலை செவ்விளநீரோடு வந்தார். வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்தார்.

"உனக்கு உள்ளுக்குச் சூடுகா. மெசினால சூட்டை எடுக்க ஏலுமா? குளிர்ச்சியாக் குடி. மறுகா பார், கிட்னி தன்பாட்டுக்கு வேலை செய்யும்."

அவரே சீவினார். அவரே என் நீலப்பூக் கிளாசில் ஊற்றினார். அந்த அன்பை எப்படித் தள்ளுவது? ஒன்று குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். என் ஆயுளில் அவ்வளவு இனிப்பாக ஒன்றைக் குடித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் கால் இரண்டும் என்னுடையவை அல்ல என்பது போல ஆயின. எழும்ப முயன்றேன், முடியவில்லை. நெஞ்சு விட்டு விட்டு அடித்தது. என் கணவர் என்னைத் தூக்கி லாண்ட்மாஸ்டர் (கைப்பிடி வைத்த சின்ன டிராக்டர்) பெட்டியில் போட்டுக்கொண்டு ஓட்டினார். பாதை பூட்டும் நேரம். சாவடியில் என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

இளநீரில் பொட்டாசியம் (சாதாரண உடம்புக்கு நல்லது செய்யும் ஒருவகை உப்பு, சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத்தையே நிறுத்திவிடும்) நிறைய உண்டு என்பதை மெசினில் கிடந்தபடி தெரிந்துகொண்டேன். சிறுநீரக வருத்தத்தோடு இதை வாசிப்பவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். இளநீரும் வாழைப்பழமும் கொண்டு உங்களைப் பார்க்க வருபவர்களைக் கட்டிப்பிடியுங்கள். கொண்டுவந்ததை அவர்களையே சாப்பிடச் சொல்லுங்கள்.

மச்சாளை நான் குறை சொல்லவில்லை. என் கையால் தேத்தண்ணி குடிக்கப் பயந்தவர். குடித்திருந்தால் அவருக்கு ஒன்றும் வந்திருக்காது. அவர் கையால் நான் குடித்ததுதான் என்னைக் கொண்டுபோகப் பார்த்தது. பயப்பட வேண்டாததற்கு எல்லோரும் பயந்தோம், பயப்பட வேண்டியதை வாய்நிறையக் குடித்தோம்.

அதன் பிறகு பழுகாமத்தில் இருக்க என் கணவர் சம்மதிக்கவில்லை. மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடியில் என்னோடு முன்பு படிப்பித்த ஒரு ரீச்சரின் வீட்டுப் பின் அறை கிடைத்தது. பாலத்தைக் கடந்தால் ஆஸ்பத்திரி. நானும் வதனியும் அங்கே இருப்பது, இவர் வயலைப் பார்த்துக்கொண்டு வந்துபோவது என்று முடிவானது. வதனியின் ரத்தத்தையும் பார்த்துவிடுவோம் என்று நானே சொன்னேன். சாவுக்கு அவ்வளவு கிட்டப் போய் வந்தவளுக்கு இனிப் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது.

சாமானோடு நாங்கள் மூவரும் வந்த அன்று சாவடியில் பெண்களைச் சோதிக்கும் மறைப்புக்குள் ஒரு பெண் சிப்பாய் என் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே தையல் தழும்பு. ஃபிஸ்டுலா (மெசினுக்கு ஊசி போட வசதியாக, கையில் நாடி, நாளம் என்ற இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம்) என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அந்த நாட்களில் தழும்பு இருந்தால் சண்டையில் பட்ட காயம் என்பார்கள். அதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும், அதை அவர்கள் நம்பவும் வேண்டும்.

"இது என்ன? வெடி?" என்றாள் உடைந்த தமிழில்.

நான் அவளுடைய கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அங்கே ரத்தம் ஓடுவது எப்போதும் கையில் தட்டும். வண்டு ஒன்று உள்ளே ரீங்காரமிடுவது போல இருக்கும். அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். பிறகு தானாகவே மறுபடி வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "வலி இல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். போகச் சொன்னாள்.

வதனி பக்கத்தில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் போட்ட நாளிலிருந்து அவளை அங்கே தொட நான் விட்டதில்லை. யார் பெற்ற பிள்ளையோ தொட்டுவிட்டுப் போனாள், நான் பெற்றது பார்த்துக்கொண்டு நின்றது.

ரத்தம் கொடுத்தோம். முடிவு வந்த நாளில் நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். வயலில் நெல் வெட்டு நடந்ததால் இவர் வர முடியவில்லை. வதனியை வெளியே இருக்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

டொக்டர் தாளை மேசையில் வைத்தார். "சி இல்ல. அது நல்ல விசயம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பி இரிக்கு. பிறக்கக்குள்ளயே வந்திரிக்கும். இப்ப ஈரல் நல்லா இரிக்கு. மருந்து தேவையில்ல. ஆனா விடாமச் சோதிச்சுப் பாத்துக்கொண்டே இரிக்க வேணும்."

இத்தனை நாளும் நான் பயந்தது அதுதான். அது வந்துவிட்டது. அழுதால் பிள்ளை பார்ப்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"டொக்டர், அப்ப எனக்கும் அம்மாட கிருமிதான் இரிக்கா?"

"ஓம் மகள். ஆனா நீங்க பயப்பிட..."

"அப்ப இனி நான் அம்மாக்குப் பக்கத்தில படுக்கலாம்தானே?"

டொக்டர் என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடினார்.

"ஆர் உங்களைப் படுக்க வேணாமெண்டு சொன்னது?"

"அம்மாக்கு எல்லாம் தனி. மிஸ்ஸி சொன்னவ."

அப்போதுதான் அந்தச் சொல் அவிழ்ந்தது. தனி என்றது மெசினுக்கும் ஊசிக்கும் என்று அவர் எனக்கு மெதுவாக விளக்கினார். இந்தக் கிருமிகள் ரத்தத்தால் போகும், கணவன் மனைவி உறவால் பி போகும், தாயிடமிருந்து பிறக்கும் பிள்ளைக்குப் போகும். பீங்கானால் போகாது. தலை பின்னினால் போகாது. ஒரே பாயில் படுத்தால், கட்டிப்பிடித்தால், கொஞ்சினால் போகாது. பல்துலக்கும் பிரஷ், பிளேட், நகவெட்டி, இவைதான் தனியாக இருக்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் பி-க்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் தள்ளிக் கிடந்த காலம் அவ்வளவும் யாருக்கும் தேவைப்படவில்லை. அதை நினைத்து நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தபடியே அழுதேன். பல்லைக் கடித்தெல்லாம் பார்த்தேன், முடியவில்லை. வதனி வந்து என் மடியில் ஏறி இருந்தாள். மடியில் இருக்கும் வயது தாண்டிவிட்டது. கால் தரையில் தட்டியது. டொக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், பாலத்தில் போகும் பஸ்ஸைப் பார்ப்பது போல நின்றார்.

செய்தி பழுகாமத்துக்குப் போனது. பாதை திறந்திருந்த ஒரு நாள் ராசம் மச்சாள் கல்லடிக்கு வந்து சேர்ந்தார். மெசின் இல்லாத நாள், பின்னேரம். நானும் வதனியும் ஒரே பாயில் படுத்துக் கிடந்தோம். மச்சாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, வதனியின் காலைத் தடவிக்கொண்டு அழத் தொடங்கினார்.

"என்ட தம்பிட பிள்ளைக்கு இப்பிடியா வரவேணும்? நம்மட குடியில ஒருத்தருக்கும் இப்பிடி வருத்தம் வந்ததில்லயேகா."

எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி (குலம் போல ஒன்று) உண்டு. அது தாய் வழியாகத்தான் வரும். தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளை தாயின் குடி. கோயிலில் முறை கேட்கும்போதும் கல்யாணம் பேசும்போதும் முதலில் கேட்பது அதைத்தான். பேசத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த சங்கதி.

வதனி எழும்பவில்லை. படுத்தபடியே சொன்னாள்.

"மாமி, நான் உங்கட குடி இல்லயே. நான் அம்மாட குடி."

"ஓம் மனே, அது தெரியும்தான்..."

"இதும் அம்மாட்ட இருந்துதான் வந்திரிக்கு. அப்ப இதும் எங்கட குடிதான்."

மச்சாள் அழுகையும் சிரிப்புமாக வதனியின் தொடையில் ஒன்று வைத்தார். "வாயைப் பார் இவட!" என்றார். எனக்குச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நான் எழுந்து தேத்தண்ணி போட்டேன். மச்சாள் குடித்தார். சீனி காணாது, இன்னும் போடு என்றும் சொன்னார்.

முன்பெல்லாம் என் உடம்பு என்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. முகம் தெரியாத ஒருவரின் ரத்தம் அதில் ஓடியிருக்கிறது. அதோடு வந்தது அதில் இருக்கிறது. நான் அறியாமல் நான் கொடுத்தது என் பிள்ளையில் இருக்கிறது. அவளுடைய சோதனை நாட்களில் அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். மருந்துகள் மாறிக்கொண்டே வருகின்றன என்கிறார்கள். உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். விளங்காவிட்டால் மறுபடி கேளுங்கள். ஒரு சொல்லைக்கூட விளங்காமல் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

வருடம், மாதம் என்று நான் இப்போது யோசிப்பதில்லை. எனக்கு இருப்பது இரண்டு வகை நாட்கள், மெசின் நாளும் மெசின் இல்லாத நாளும். அன்று மச்சாள் போன பிறகு வதனி மறுபடி வந்து படுத்து, ஃபிஸ்டுலாக் கையில் காதை வைத்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். கை மரத்துவிடக் கூடாது, நசியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவளுடைய தலையை மெல்லத் தூக்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் மெசின் நாள். ஆனால் மிச்சமிருந்த அந்தப் பின்னேரம் முழுவதும் எங்களுடையதாக இருந்தது.